பல்லால் கேட்ட கிதார்

கிதாரின் மேல் பலகையை நான் முன்பற்களால் கடித்துக்கொண்டு நின்றபோது, என் வீட்டுக்காரர் சாயாத் தம்ளரோடு உள்ளே வந்தார்.

அது ஒரு மலையாள நகரத்தின் ஓரத்தில், நேமத்தில் எங்கள் வீட்டுக் கார் ஷெட். காரை விற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு நீள மேசை, சுவர் முழுக்க இடுக்கிகள், மூலையில் ஈரத்தை உறிஞ்சும் ஒரு மெஷின். காலடியில் மரத்தூள். நான் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தேன்.

பலகை என்றதும் கனமான எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். வெயிலுக்கு நேரே பிடித்தால் பொரிக்காத அப்பளம்போல மஞ்சளாக ஒளிரும். கிதாரின் வடிவத்தை அவர் அதில் பென்சிலால் வரைந்திருந்தார். கோட்டுக்கு வெளியே வெட்டி எறிய வேண்டிய மிச்ச மரம் இருந்தது. என் பல் பதிந்தது அந்த மிச்சத்தில்தான்.

கடிக்க வேண்டும் என்று கடிக்கவில்லை. ஒரு கையால் பலகையைத் தூக்கிப் பிடித்து, மறு கையின் விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தேன். பிடி வழுக்கியது. சிமென்ட் தரையில் விழுந்தால் பிளந்துவிடும். சட்டென்று ஓரத்தைப் பல்லில் கவ்வினேன். கவ்வியபடியே, எதற்கென்று தெரியாமல், இன்னொரு தடவை தட்டினேன்.

ஆழமான, உருண்டையான ஓர் ஓசை தாடையில் தொடங்கிக் கன்னத்தில் ஏறி, இரண்டு காதுக்கும் நடுவே வந்து நின்றது. நின்று, நிதானமாகக் கரைந்தது. பியானோவில் அது எந்தக் கட்டையின் ஸ்வரம், அதற்கு ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது என்பதுகூட எனக்குத் தெரிந்தது.

அப்படி ஒரு ஓசையை முழுசாகக் கேட்டு எனக்கு வருடங்கள் ஆகியிருந்தன. மறுபடி தட்டினேன். மறுபடியும் தட்டினேன்.

அவர் பின்னால் நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார். பிறகு தம்ளரை மேசையில் ஓசைப்பட வைத்திருக்கிறார். நான் திரும்பவே இல்லை.

பல் செய்கிறவர்

என் வீட்டுக்காரர் ஞானதாஸைப் பல் டாக்டர் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர் டாக்டர் அல்ல. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்களுக்குப் பல் செய்து கொடுத்தவர். ஒரு பல் ஆஸ்பத்திரியின் லேபில் மெழுகும் பிளாஸ்டரும் சின்னச் சின்ன அரங்களுமாக வாழ்நாளைக் கழித்தவர்.

கல்யாணமான புதிதில், சபைக் கூட்டங்களில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால் என் காதில் குனிந்து, "அது நம்ம பல்லாக்கும், கேட்டியா" என்பார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

இந்தக் 'கேட்டியா' பற்றி வடக்கே இருக்கிற வாசகர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற பாறசாலைப் பக்கம் பிறந்த எங்களுக்கு அது கேள்வியே அல்ல. வாக்கியம் முடிந்தது என்பதற்கு அடையாளம். அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. "மழை வருது, கேட்டியா." "மரச்சீனி வெந்துட்டு, கேட்டியா." அவருக்கு அது இல்லாமல் பேச வராது.

அவர் ரிட்டயர் ஆன முதல் மாதம் வீட்டிலிருந்த கத்திகளை எல்லாம் தீட்டினார். அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக் கத்திகளைக் கேட்டு வாங்கினார். அதற்கடுத்து என்ன செய்வாரோ என்று நான் பயந்துகொண்டிருந்த சமயத்தில்தான் பிந்து வந்தாள்.

பிந்து என் பழைய மாணவி. நான் இந்த நகரத்தில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சராக இருந்தேன். சபைப் பாடகர் குழுவையும் நடத்தினேன். பிந்துவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஸ்வரம் வாசிப்பது மட்டும்தான். கிதாரை அவள் பிறகு வேறிடத்தில் கற்றாள். இப்போது பேங்கில் ஆபீசர். மாலை நேரங்களில் நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிதாரை, விரல் நகத்தால், நன்றாகவே வாசிப்பாள்.

அவளுடைய கிதாரில் கம்பிகளைக் கட்டும் மரத்துண்டு பெயர்ந்துவிட்டது. "அங்கிளுக்கு ஒட்டத் தெரியுமே டீச்சரே" என்று கொண்டுவந்தாள்.

அவர் ஒட்டினார். ஒட்டுவதற்கு முன்னால், வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தக் குட்டிக் கண்ணாடியைக் கிதாரின் வட்டத் துளைக்குள் நுழைத்துப் பார்த்தார். டார்ச் அடித்துப் பார்த்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

"உள்ளுக்கு நெறைய வேலைப்பாடு கெடக்கு, கேட்டியா" என்றார் கடைசியில். "ஆனா செஞ்சவன் அவசரமா செஞ்சிருக்கான்."

ஸ்பெயின் ஆசாரி

கிதாரைப் பற்றி அவர் தேடித் தேடிப் படிக்கத் தொடங்கினார். அப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் ஒரு ஸ்பெயின் ஆசாரி வந்து சேர்ந்தார். நூறு வருடத்துக்கும் முன்னாலே இறந்துபோன மனிதர். பெயரைச் சொன்னால் கிதார்க்காரர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அவர் 'ஆசாரி' மட்டும்தான்.

அவர் தொழிலால் தச்சர். இன்று உலகம் முழுக்கக் கிளாசிக்கல் கிதார் என்று எதைச் சொல்கிறோமோ, அதன் உடம்பைத் தீர்மானித்தது அவர் கைதான். மேல் பலகையை மெல்லிசாக்கி, உள்பக்கம் சின்னக் குச்சிகளை விசிறிபோல விரித்து ஒட்டி, இத்தனை லேசான பெட்டியிலிருந்து அத்தனை குரலை வரவழைத்தார். நடுவில் சில காலம் கிதாரை விட்டுவிட்டுப் பீங்கான் சாமான் கடைகூட நடத்தினாராம். பிறகு திரும்பி வந்து சாகும்வரை செய்தார்.

என் வீட்டுக்காரரைப் பிடித்து ஆட்டியது வேறொரு விஷயம். அந்த ஆசாரி ஒருமுறை முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையால் செய்து, மேலே மட்டும் நல்ல மரம் வைத்து ஒரு கிதார் கட்டினார். குரல் மேல் பலகையில்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக.

"அட்டையில, சுகந்தி. அட்டையில." அன்று முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

பழைய கிதார் ஒன்றை அளந்து யாரோ வரைந்திருந்த படத்தைக் கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்து, ஸ்டாச்சு ஜங்ஷன் பக்கத்தில் கட்டட பிளான் அச்சடிக்கிற கடையில் முழு அளவில் எடுத்து வந்தார். அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். பல நாட்கள் நாங்கள் அடுக்களையில் நின்றுகொண்டே சாப்பிட்டோம்.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் பலா. வித்துராவில் பிந்துவின் அம்மா வீட்டை இடித்தபோது மச்சுப் பலகைகள் கிடைத்தன. பல தலைமுறை அடுப்புப் புகை குடித்து, தேன் நிறத்துக்கு வந்திருந்த மரம். "வீணைக்கு ஆகிற மரம் இதுக்கு ஆகாதா?" என்று அவரே கேட்டு அவரே தலையாட்டிக்கொண்டார்.

மேல் பலகைக்கு மட்டும் நம் ஊர் மரம் வேண்டாம், ஆசாரி வைத்ததைப் போலப் பனி விழுகிற தேசத்து ஸ்ப்ரூஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம். ஜெர்மனியில் நர்ஸாக இருக்கிற எங்கள் மகள் ஷீபா லீவுக்கு வரும்போது, பெட்டியில் நைட்டிகளுக்கு நடுவே பொதிந்து ஒரு ஜோடிப் பலகை கொண்டுவந்தாள். "இது உடைஞ்சா இனி அடுத்த லீவுக்குத்தான் அப்பா" என்றாள்.

நல்ல காது

மேல் பலகையை எவ்வளவு இழைப்பது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. தடித்திருந்தால் கிதார் ஊமை. மெலிந்துபோனால் கம்பியின் இழுப்பில் குழிந்துவிடும். பல்லுக்கு மாட்டுகிற உறையின் கனம் பார்க்கிற இடுக்கி ஒன்று அவரிடம் இருந்தது. அதனால் அளக்க முடியும். ஆனால் ஒரு மரம்போல இன்னொரு மரம் இருப்பதில்லை. தட்டிக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

அவருக்குச் சுருதி ஞானம் கிடையாது. பாடகர் குழுவில் ஒரு கிறிஸ்துமஸுக்குச் சேர்ந்தவரை, நானே வெளியே அனுப்பியிருக்கிறேன்.

"நான் செதுக்குதேன். நீ கேட்டுச் சொல்லு" என்றார். "ஒனக்க காது இருக்கையில எனக்கு என்ன பயம்?"

என் காது நல்ல காது என்று பெயர் வாங்கியதுதான். நாற்பது பிள்ளைகள் பாடும்போது யார் இறங்குகிறார்கள் என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தச் சமயத்தில் எனக்குள் ஏதோ நடந்துகொண்டிருந்தது. அது என்னவென்று எனக்கே புரியவில்லை.

பழவங்காடிக் கடைவீதிக்குப் போனால், பஸ் இரைச்சலுக்கும் பிள்ளையார் கோவிலில் தேங்காய் உடைக்கிற சத்தத்துக்கும் நடுவே கடைக்காரர் சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்கும். வீட்டுக்கு வந்து அமைதியாக உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவர் சொல்வது கேட்காது. ஷீபா போனில் பேசினால் ஒரு சொல் விடாமல் கேட்கும். ஆகவே குறை என் காதில் இல்லை, எல்லாரும் வாய்க்குள் முணுமுணுக்கப் பழகிவிட்டார்கள் என்று நம்பினேன்.

பாடகர் குழுவில், "டீச்சர் முன்னை மாதிரி சத்தமா பேசுறதில்ல" என்றார்கள். எனக்கோ என் குரல் தலைக்குள் இடி மாதிரிக் கேட்டது. கீழ்க்குரலில் பாடுகிற ஆல்டோக்காரிகள் பாடுகிறார்களா, வாயசைக்கிறார்களா என்று தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, முழங்கால் வலி என்று சொல்லிக் குழுவிலிருந்து விலகிக்கொண்டேன்.

ஷெட்டில் அவர் பலகையைத் தூக்கித் தட்டி, "எப்படி இருக்கு?" என்பார். "கொள்ளாம்" என்பேன். கொள்ளாம் என்றால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். முன்பெல்லாம் எதைக் கேட்டாலும் ஒரு குறை சொல்கிறவள் நான்.

அன்று மத்தியானம் அவர் சாயா போடப் போனபோது, பலகையோடு தனியாக நின்று கேட்டுப் பார்த்துவிடுவது என்றுதான் எடுத்தேன். தட்டினால் தலையணையைத் தட்டியதுபோல இருந்தது. இன்னும் பலமாகத் தட்டினேன். அப்போதுதான் கை வழுக்கியது.

வாசலும் சுவரும்

கடைசியில் திரும்பிப் பார்த்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். சாயாவின் மேல் ஆடை படிந்திருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று அதிலிருந்து தெரிந்தது.

வாயிலிருந்து பலகையை எடுத்தேன். ஓரத்தில் என் பல் தடம்.

அவர் கிட்டே வந்து, பலகையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, என் முகத்துக்கு நேராக நின்று கேட்டார். "எத்தற நாளாச்சு?"

"தெரியல்ல."

"பல்லுல கேக்குதா?"

தலையாட்டினேன். அழுகை வந்தது. துக்கமா, அந்த ஓசையைக் கேட்ட சந்தோஷமா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. அவர் என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, ஆறிப்போன சாயாவைக் குடிக்கக் கொடுத்தார்.

காது டாக்டர் ஒரு மலையாளப் பெண்மணி. சுருதி பார்க்கிற ட்யூனிங் ஃபோர்க்கை மேசையில் தட்டி என் காதருகே பிடித்தார். என் வகுப்பு டிராயரில் வருடக்கணக்காகக் கிடந்த அதே சாமான். தூரத்துக் கொசு மாதிரி இருந்தது. பிறகு அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்து அழுத்தினார். சத்தம் தலையை நிறைத்தது. டாக்டர் சிரித்தார்.

காதுக்குள்ளே மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றனவாம். அதில் கடைசியானது அசைய வேண்டும். எனக்கு அது சுற்றியுள்ள எலும்போடு ஒட்டி உறைந்துவிட்டது. "நரம்பு நன்றாக இருக்கிறது" என்று மலையாளத்தில் விளக்கினார். "வாசல்தான் திறக்க மாட்டேன் என்கிறது. நீங்கள் மரத்தைக் கடித்தபோது சத்தம் வாசல் வழியே வரவில்லை. சுவரைத் துளைத்து வந்தது."

இரைச்சலில் நன்றாகக் கேட்பது, போனில் நன்றாகக் கேட்பது, மெதுவாகப் பேசுவது எல்லாமே இந்த நோயின் குணம்தானாம். எனக்கு ஏதோ மானம் திரும்பக் கிடைத்ததுபோல இருந்தது.

முதலில் இடது காதில் ஆபரேஷன் செய்யலாம் என்றார். உறைந்த எலும்பை எடுத்துவிட்டு ஒரு குட்டிக் குழலை வைப்பார்கள். பெரும்பாலும் நன்றாகவே ஆகும். அபூர்வமாகச் சிலருக்கு அந்தக் காதில் மிச்சமிருக்கிற கேட்கும் சக்தியும் போய்விடும். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்பதால் சொல்கிறேன் என்றார்.

வெளியே வந்ததும் நான் சொன்னேன். "எனக்கு வேண்டாம்."

பல்லும் உளியும்

அதன்பிறகு பல வாரங்கள் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். அவர் சின்ன இழைப்புளியால் வழித்தெடுப்பார். பலகையை என் முன்னால் நீட்டுவார். நான் ஓரத்தைக் கடிப்பேன். அவர் தட்டுவார்.

"நடுவுல சரி. கீழ் பக்கம் இன்னும் தடி."

"இவ்வளவா?" விரலால் காட்டுவார்.

"அதுல பாதி."

அந்த ஸ்பெயின் ஆசாரி பலகையின் கனத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவேதான் பார்ப்பாராம். பல்லில் பார்த்ததாக எங்கும் படிக்கவில்லை என்றார் இவர். பல் செய்த மனிதர் வீட்டில் அப்படித்தான் நடக்கும் என்றேன். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாகவே இருந்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

ஒருநாள் உள்பக்கத்துக் குச்சிகளை ஒட்டி, செதுக்கி, மறுபடி நீட்டினார். தட்டினார். அந்த ஓசை என் தாடைக்குள் விரிந்து விரிந்து போனது. நான் கையை உயர்த்தினேன். அவர் உளியைக் கீழே வைத்தார். அதற்குமேல் ஒரு சுருள்கூட எடுக்கவில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவர் 'கேட்டியா' சொல்வதை விட்டுவிட்டார். வாக்கியங்கள் பாதியில் நிற்பதுபோல முடிந்தன. என்னைப் புண்படுத்தக் கூடாது என்று நினைத்திருப்பார். அவரிடம் அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

பக்கப் பலகைகளைச் சூடான குழாயில் வளைத்து, மேல் பலகையோடு பொருத்தி, முதுகை மூடும் சமயம் வந்தபோது, ஒரு காலை மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியுமாக உட்கார்ந்திருந்தோம். அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. திரும்பச் சொன்னார். மூன்றாவது தடவை உரக்கக் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

"மீன் நல்லாருக்குன்னு பறைஞ்சேன்" என்றார் இவர். முகம் சிவந்திருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்த ஆபரேஷன்" என்று ஆரம்பித்தார்.

"எனக்கு இது போதும்ங்க. பல்லால கேக்குதேன். மிச்சத்த ஊகிச்சுக்கிடுவேன்."

"ஒனக்குப் போதும். எனக்க காரியம்?"

"ஒங்களுக்கு என்ன?"

அவர் எழுந்து என் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். என் காதோரம் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"நான் ஒங்கிட்ட எதப் பறைஞ்சாலும் சத்தம் போட்டாக்கும் பறையணும். சோறு போடுன்னாலும் சத்தம். மேலுக்குச் சொகமில்லன்னாலும் சத்தம். சத்தமாப் பறைஞ்சா எல்லாம் கோவம் மாதிரி இருக்கு. வேண்டாம்னு விட்டது எத்தறையோ உண்டு."

"என்னத்த விட்டீங்க?"

"அதச் சத்தம் போட்டுச் சொல்ல முடியுமா?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான நாள் முதல் அவர் என் காதில் குனிந்து சொன்ன அற்ப வம்புகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. நான் மட்டும்தான் ஒன்றை இழந்துகொண்டிருக்கிறேன் என்று எண்ணியிருந்தேன். அவரும் இத்தனை நாளாகத் தனியாகத்தான் இருந்திருக்கிறார்.

"ஷீபாவ வரச் சொல்லுங்க" என்றேன். "அவ இருக்கையில செய்துக்கிடலாம்."

அரை நெல்மணி

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் அந்தக் குழலின் மாதிரி ஒன்றைக் காட்டினார். நெல்மணியில் பாதிகூட இருக்காது. பயந்துபோய் உட்கார்ந்திருந்த என்னை விட்டுவிட்டு, இவர் அதை இடுக்கியில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்ன உலோகம், எதில் கடைகிறார்கள், விளிம்பை எப்படி மழுக்குகிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார். டாக்டரும் சளைக்காமல் பதில் சொன்னார். ஷீபா, "அப்பா, அது அம்மாவுக்க காதுக்கு உள்ளதாக்கும். கொடுத்துருங்க" என்று வாங்கிக் கொடுத்தாள்.

மயக்க மருந்து கொடுக்கவில்லை. காதை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். பச்சைத் துணிக்கு அடியில் கண்ணை மூடிக்கொண்டு பைபிளின் இருபத்து மூன்றாம் சங்கீதத்தை மனதுக்குள் சொன்னேன். முடிவுக்கு வருவேன், மறுபடி ஆரம்பிப்பேன்.

ஒரு கட்டத்தில், எங்கோ ஒரு தட்டில் யாரோ ஒரு கருவியை வைத்தார்கள். எஃகு எஃகைத் தொட்ட சின்னச் சத்தம். கூர்மையாக, தனியாக, என் இடது காதுக்குள் வந்து விழுந்தது.

"டீச்சரே, கேக்காமோ?" என்று டாக்டர் கிசுகிசுத்தார்.

"கேக்காம்" என்றேன், கேட்கிறது என்பதை மலையாளத்திலேயே.

பிறகு பஞ்சு வைத்து அடைத்துவிட்டார்கள். தலைசுற்றலோடு சில நாட்கள் படுத்தே கிடந்தேன். பஞ்சை எடுத்த பிறகு உலகம் தகரத்தால் செய்ததுபோல இருந்தது. ஃபேன், செருப்பு, பேப்பர் மடிக்கிற சத்தம், என் கண்ணாடி வளையல்கள். வளையலைக் கழற்றி வைத்தேன். இத்தனை சத்தத்தோடு மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஷீபாவிடம் எரிந்து விழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டே ஜெர்மனிக்குத் திரும்பினாள்.

அந்த வாரங்களில்தான் கிதார் முடிந்தது. முதுகு மூடி, மெருகு ஏற்றி, கம்பி பூட்டி, ஒரு பழைய கம்பளியில் பொதிந்து வைத்திருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என்னையும் தட்டிப் பார்க்க விடவில்லை. "காது ஒதுங்கட்டு" என்றார். காது கொஞ்சம் அடங்கட்டும் என்று அர்த்தம்.

பிந்து வாசித்த ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, சாப்பாடும் ஆன பிறகு பிந்து வந்தாள். முன்னறையில் உட்கார்ந்து, கால் பலகையில் இடது காலை வைத்து, கிதாரை மடியில் எடுத்தாள். நான் எதிர்ச் சுவரோரம் நாற்காலியில். அவர் அடுக்களை வாசலில் நின்றார், உட்காரவில்லை.

முதல் கம்பிகள் பேசியதும் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமே. பல்லில் கேட்டபோது அது சர்ச் ஆர்கன் மாதிரிப் பெரிதாக, எனக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. இப்போது அறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சின்னதாக, அடக்கமாக வந்தது.

பிந்து ஏதோ ஒரு மெதுவான மெட்டைத் தொடங்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பிடிபட்டது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாக வந்து, தன் இடத்தில் நின்று, அடுத்ததற்கு வழிவிட்டது. நடுவே காற்று இருந்தது. கீழ்க் கம்பிகள் பலாவின் கனத்தோடு உருண்டன. மேல் கம்பியில் அவள் ஒரு ஸ்வரத்தை மெல்ல ஆட்டியபோது, அது மெலிந்துகொண்டே போய், அறை முழுக்க ஒரு இழையாக நீண்டு, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடிந்தது.

முடிந்ததை நான் கேட்டேன். அது முடிந்த பிறகு வந்த அமைதியையும்.

"அங்கிளே, இது அடிபொளி" என்றாள் பிந்து. நெற்றியைக் கிதாரின் விளிம்பில் வைத்துக்கொண்டாள். "என் கைக்கு இப்படி ஒண்ணு வந்ததே இல்ல."

அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மூணாவது கம்பி" என்றேன். "மேல ஏறும்போது ஒரு எடத்துல இரையுது."

பிந்துவின் கை அப்படியே நின்றது.

"எந்த எடம்?" என்றார் அவர்.

"அவள வாசிக்கச் சொல்லுங்க."

பிந்து மூன்றாவது கம்பியில் ஒவ்வொரு கட்டமாக ஏறினாள். "அது" என்றேன். திரும்ப வாசித்தாள். அடியில், மணல் ஒட்டினதுபோல ஒரு நறநறப்பு.

அவர் வந்து குனிந்து கேட்டார். "எனக்குக் கேக்கல்லியே."

"எனக்குக் கேட்டுது அங்கிள்" என்றாள் பிந்து தயங்கித் தயங்கி. "ஆனா இன்னைக்குச் சொல்லாண்டாம்னு வச்சேன்."

இரண்டு வருடம் உழைத்த மனிதர். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் வாயைத் துடைப்பதுபோலக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். கையை எடுத்தபோது கண் நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் ஒரு குறையைக் கேட்க அவர் எத்தனை காலமாகக் காத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ஷெட்டுக்குப் போய், நெற்றியில் ஏற்றிய பூதக்கண்ணாடியும் கையில் ஒரு மெல்லிய அரமுமாக வந்தார். கம்பியைத் தளர்த்தி ஒதுக்கினார். கழுத்தில் பதித்திருந்த உலோகக் கம்பிகளில் ஒன்று, நகத்தின் கனம்கூட இருக்காது, பக்கத்திலிருந்ததைவிட உயர்ந்திருந்தது. அதை அரத்தால் தடவினார். ஊதினார். மறுபடி தடவினார்.

தடவும்போது மூக்கால் ஏதோ கீர்த்தனையை இழுத்தார். சுருதி சேரவே இல்லை. வேலை செய்யும்போது அவர் பாடுவார் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

கம்பியை முறுக்கி பிந்துவிடம் கொடுத்தார். அவள் வாசித்தாள். அந்த இடத்துக்கு வந்து, நின்று, திரும்ப வந்து வாசித்தாள்.

"போயி. இப்போ க்ளியர்."

"எனக்கும் ஒண்ணும் கேக்கல்ல" என்றார் அவர்.

"எனக்கு இன்னும் கேக்குது" என்றேன்.

அவர் கிதாரை வாங்கி, மூன்றாவது கம்பியை மறுபடியும் தளர்த்தினார்.